ரீச்சரிடம் கேளுங்கள்: வாவிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான் அதிபராக இருந்த சிறிய பாடசாலையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். தரம் 1 முதல் 5 வரை எல்லோரையும் ஒன்றாக நிறுத்தினாலும் ஐம்பது பிள்ளைகள் தேறாத பாடசாலை அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டன. விடைத்தாள் மீளாய்வு பற்றியும் தரம் 1 அனுமதி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: என் பேரன் காலை ஆறு மணிக்கு ஸ்கூல் வானில் ஏறுகிறான். அவனுடைய வகுப்பிலேயே நாற்பது பேர். முழுப் பாடசாலையிலும் ஐம்பது பேர் இல்லையென்றால் அங்கே ஒரு வருடம் எப்படித்தான் போகும்?
— ஒரு பாட்டி, வெள்ளவத்தை

ப: உங்கள் பேரனின் பாடசாலைக்கு ஒரு நாட்காட்டி போதும் அம்மா. எங்களுக்கு இரண்டு. அமைச்சு தரும் மூன்று தவணைகள் ஒன்று, வட்டையில், அதாவது வயல்வெளியில், நடக்கும் வேளாண்மை மற்றது. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது வேளாண்மைதான் வெல்லும். அதை ஏற்றுக்கொண்டு நேரசூசி போடத் தெரிந்த அதிபர்தான் அங்கே நிலைப்பார்.

ஜனவரியில் கால்கோள் விழா. அந்த மாதம் 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்தவர்கள் தரம் 1க்கு வருவார்கள். ஒரு வருடம் நாலு பேர், மறு வருடம் ஒன்பது பேர். தரம் 5 பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையைப் பொறுப்பெடுத்து, கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, மணி அடித்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்தப் பொறுப்பு வருடம் முடியும்வரை தொடரும். 2011 ஜனவரி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் மண்டபம் இடைத்தங்கல் முகாமாகிவிட்டது. வகுப்பறையில் அடுப்பு எரிந்தது, கரும்பலகைக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தார்கள். நீர் வடிந்ததும் நாங்கள் கூப்பிடாமலே தாய்மார் வந்து சேற்றை வழித்துக் கழுவித் தந்தார்கள். "எங்களை வைச்சிருந்த இடம்தானே ரீச்சர்" என்றார் ஒருவர். அந்த வருடம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

மாசியில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டி. பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டே இல்லங்கள்தான், விபுலானந்தர், நாவலர். தென்னோலையால் இல்லம் சோடிப்பதில் தகப்பன்மாரின் போட்டி பிள்ளைகளின் போட்டியை விஞ்சிவிடும். தேசிக்காய் ஓட்டம், பணிஸ் தின்னல், கடைசியில் பெற்றோருக்குக் கயிறிழுத்தல். ஊரில் நடமாட முடிந்த எவரும் அன்று வீட்டில் இருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு வருவதுதான் கடினமான காலம், வேளாண்மை வெட்டு. மாசி, பங்குனியில் தாயும் தகப்பனும் வயல் வாடிக்குப் போய்விடுவார்கள். மூத்த பிள்ளை வீட்டில் கைக்குழந்தையோடு நிற்கும். வரவுப் பதிவேட்டில் சிவப்பு மை கூடும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருபவர் அந்தச் சிவப்பைத்தான் முதலில் பார்ப்பார். நாங்கள் ஊரோடு பேசி இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, வெட்டுக் காலம் முடியும்வரை விடியற்காலை ஆறரைக்கே பாடசாலைக் கதவைத் திறந்தோம். வயலுக்குப் போகும் வழியில் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். ஊரிலேயே தங்கியிருந்த ஆசிரியை ஒருவர் அந்நேரம் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார். அரிசி ஊராரின் அரிசி, இலை பிள்ளைகள் பறித்துவந்த முல்லையும் வல்லாரையும். மற்றது, கைக்குழந்தைகளுக்காக. பாடசாலைக்குப் பக்கத்து வீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவரின் திண்ணையில் ஏணை, அதாவது துணித் தொட்டில், கட்டினோம். தம்பியோ தங்கையோ அங்கே தூங்கும், அக்கா வகுப்பில் இருப்பாள். இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எந்தச் சுற்றுநிருபத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் அந்த ஏணை கட்டியதால் பள்ளிக்கூடத்தை விடாமல் படித்த பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சித்திரை வருடப்பிறப்போடு முதல் விடுமுறை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தி. ஊர் முழுக்க இரவிரவாகக் கோயிலில் இருக்கும், மறுநாள் பிள்ளைகளின் கண் சொருகும். அந்த நாட்களில் வாய்பாடு ஒப்புவிக்கச் சொல்வதில் பயனில்லை. கண்டதை வரையவும் எழுதவும் சொல்வோம். பூசை செய்யும் கட்டாடியார் என்ன செய்தார், குளிர்த்தி நீரை யார் கொண்டுவந்தது, எந்தப் பறை எப்போது கேட்டது என்று எழுதுவார்கள். மற்ற நாட்களில் மூன்று வரியோடு பேனையை வைத்துவிடும் தரம் 4 பையன் ஒருவன் அன்று கொப்பியில் இரண்டு பக்கம் நிரப்பினான்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்றும் புழுதியும். கிணறு அடி தெரியும், பிரதேச சபையின் பவுசருக்குக் காத்திருப்போம். யானைத் தொல்லையும் அப்போதுதான். மதிய உணவுக்கு வைத்திருந்த அரிசிக்காக ஓர் இரவு சமையலறைச் சுவரையே தள்ளிவிட்டுப் போனது ஒன்று.

புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அதையொட்டி வாணி விழா. ஒன்பது நாளும் ஒவ்வொரு வீட்டு முறைப்படி அவலும் கடலையும் வரும். எனக்கு வருடத்தில் மிகப் பிடித்த நாள் விஜயதசமி. ஊரில் மூன்று வயது நிரம்பிய குழந்தைகளைக் கோயிலுக்குப் போன கையோடு பாடசாலைக்கும் கொண்டுவருவார்கள். தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்போம். அந்தக் குழந்தைகளின் பெயரையும் பிறந்த திகதியையும் அன்றே ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன். இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் வாங்கில் வந்து உட்காரப்போகிறவர்கள் யார், அவர்களில் நடக்க முடியாதவர், காது கேளாதவர் யார், எந்தத் தாய் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கார்த்திகையில் மாரி மழை பிடித்துக்கொள்ளும். மழையோடு மழையாக ஆண்டிறுதிப் பரீட்சையும் பரிசளிப்பும் நடக்கும்.

கே: ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒரே ஆசிரியர். இதில் பிள்ளை என்னத்தைப் படிக்கும்?
— ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

ப: கவலை நியாயமானது. ஆயத்தமில்லாத ஆசிரியர் கையில் அது வீண்தான். ஒரு வகுப்புக்குப் பாடம், மற்ற வகுப்புக்கு 'பார்த்து எழுது' என்று வருடம் ஓடிவிடும்.

ஆனால் பல்தர வகுப்புக் கற்பித்தலுக்கு முறை இருக்கிறது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தை எடுங்கள். ஒரே தொனிப்பொருள்கள்தான் கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்புவரை மீண்டும் மீண்டும் வந்து ஆழமாகும். 'நீர்' என்று எடுத்தால் இரண்டு வகுப்பையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போகலாம். தரம் 3 பிள்ளைகள் வீட்டில் தண்ணீர் எதற்கெல்லாம் செலவாகிறது என்று பட்டியல் போடுவார்கள். தரம் 4 பிள்ளைகள் வாளிக் கயிற்றை முழத்தால் அளந்து, பிறகு மீற்றர் கோலால் அளந்து, ஒவ்வொரு கிழமையும் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று சுவரில் வரைபு கீறுவார்கள். மூன்றாம் தரத்துப் பிள்ளையின் கண் அந்த வரைபிலேயே இருக்கும். அடுத்த வருடம் அந்தப் பாடம் வரும்போது பாதி அதற்குத் தெரிந்திருக்கும். கணிதத்தில், நெல் அளக்கும் மரைக்கால் எத்தனை லீற்றர் கொள்ளும் என்று அளந்து பார்க்கச் சொன்னோம். வீட்டுக்கு வீடு மரைக்கால் வேறுபட்டது. ஊரில் பெரிய வாக்குவாதமே கிளம்பிவிட்டது. பெரியவர்கள் பாடசாலைக்கு வந்து தங்கள் மரைக்காலை எங்கள் லீற்றர் குவளையோடு ஒத்துப் பார்த்தார்கள்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது மூத்த பிள்ளையின் வாசிப்புத்தான் வேகமாகத் திருந்துகிறது. இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். வாசிக்கத் தடுமாறும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுப் பிள்ளையின் புத்தகத்தை நீட்டினால் அவமானம். 'தம்பிக்கு வாசித்துக் காட்டு' என்று நீட்டினால் பெருமை.

கே: பிள்ளைகள் இல்லாத பாடசாலைகளை மூடிவிட்டு, பஸ் போட்டு நகரத்துப் பெரிய பாடசாலைக்கு ஏற்றிப்போனால் அரசுக்கும் மிச்சம், பிள்ளைக்கும் நன்மை அல்லவா?
— ஓய்வுபெற்ற கணக்காளர், தெஹிவளை

ப: ஐயா, இலங்கையில் சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகள் உண்டு. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லை. கணக்கில் பார்த்தால் உங்கள் யோசனை சரிபோலத்தான் தெரியும்.

கிறவல் றோட்டில் வந்து பாருங்கள். யானை நடமாடும் தடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும், பஸ் வராது. பஸ் வராத முதல் கிழமை பிள்ளை வீட்டில் நிற்கும். இரண்டாம் கிழமை வயலுக்குத் துணைபோகும். கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்தினோம். பாடசாலை பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் அந்த ஊருக்கு எட்டாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். 1980இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993இல் சீருடைத் துணி வந்தது. இவை ஒவ்வொன்றும் எங்கள் ஊர் வாசல்வரை வந்து சேர்ந்ததற்கு அங்கே ஒரு பாடசாலை இருந்ததுதான் காரணம்.

என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். தரம் 5 வரை பாடசாலை ஊருக்குள் இருக்க வேண்டும், பிள்ளைகள் பத்துப் பேரானாலும். தரம் 6க்கு மேல் விஞ்ஞான கூடமும் ஆங்கில, கணித ஆசிரியர்களும் உள்ள பெரிய பாடசாலைக்குப் போகட்டும். அதற்கு பஸ் போடுங்கள், சைக்கிள் கொடுங்கள், அதை வரவேற்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எண்ணிக்கையை மட்டும் பார்த்து மூடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வீதி வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வாவியைப் படகுப் பாதையில்தான் கடந்தோம். பாலம் வந்ததும் ஆசிரியர்கள் நேரத்துக்கு வந்தார்கள், நோயாளர் உயிர் தப்பினார்கள். அது பெரிய நன்மை. கூடவே ஊரில் தங்கும் ஆசிரியர்கள் இல்லாமல் போனார்கள். ஒன்றரைக்கு மணி அடித்ததும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பாலமேறும். பின்னேர வாசிப்பும் வெட்டுக்காலக் கஞ்சியும் யாரோ ஒருவர் ஊரில் தங்கியிருந்ததால் நடந்தவை.

கே: கல்வியியற் கல்லூரி முடித்து எனக்கு முதல் நியமனம் அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றுக்கு வந்திருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு. அம்மா அழுகிறார். போகலாமா ரீச்சர்?
— ஒரு மகள், பம்பலப்பிட்டி

ப: போ மகள். அம்மாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ. உதயதேவியில் ஏறினால் பின்னேரத்துக்குள் மட்டக்களப்பு. தங்கப்போகும் வீட்டை அவர் தன் கண்ணால் பார்க்கட்டும், அந்த வீட்டு அம்மாவோடு பேசட்டும். பாதி அழுகை அங்கேயே நின்றுவிடும். தனி அறை, உள்ளிருந்து பூட்டும் கதவு, பாதுகாப்பான மலசலகூடம் மூன்றும் இருக்கிறதா என்று நீயே பார். இல்லாவிட்டால் வேறு வீடு கேட்கத் தயங்காதே. அதிபரிடம் சொன்னால் ஊரார் பார்த்துத் தருவார்கள்.

முதல் மாதம் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் வேண்டாம். பின்னேரங்களில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் வா. தேத்தண்ணி தருவார்கள், குடி. அவர்கள் பேச்சைக் கேள். 'பிறகு வருகிறேன்' என்பதை 'மறுகா வாறன்' என்று பிள்ளை சொன்னால் திருத்தப் போகாதே, அது அவர்களுடைய தமிழ். எழுத்துத் தமிழை அதன் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடு.

இன்னொன்றும் செய். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் தேடிப் போ. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அந்த வடமோடி, தென்மோடி ஆட்டம் இன்றும் எங்கள் ஊர்களில் வாழ்கிறது. எங்கள் அண்ணாவியார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். அவரைக் கதிரை போட்டு இருத்தி, பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொன்னோம். பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடியபோது, கூட்டங்களுக்கு ஒருநாளும் வராத தகப்பன்மார் மண்டப வாசலில் நின்றார்கள். மறு கிழமை அவர்களிடமே மதிலுக்குக் கம்பி கேட்டேன், கொண்டுவந்தார்கள்.

இடமாற்றம் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. வருடத்தின் நடுவில் மட்டும் கேட்காதே. தரம் 1 பிள்ளைக்கு நடுவழியில் ரீச்சர் மாறுவது பெரிய இடி.

கே: புலமைப்பரிசில் பரீட்சையில் இப்படியான பாடசாலைகளில் எவராவது சித்தியடைகிறார்களா?
— ஒரு வாசகர், மட்டக்குளி

ப: அடைகிறார்கள். ஒரு வருடம் இருவர், பல வருடம் எவரும் இல்லை. சித்தியடையாத பிள்ளையும் தன் பெயரில் வரும் கடிதத்தைத் தானே வாசித்து, கமநல சேவை நிலையத்தின் படிவத்தைத் தகப்பனுக்கு நிரப்பிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். வெட்டுப்புள்ளியைப் பத்திரிகையில் போடுகிறார்கள், இதைப் போடுவதில்லை.

கே: நாங்கள் ஒரு கிராமத்துப் பாடசாலையின் பழைய மாணவர்கள், கொழும்பில் இருக்கிறோம். பணம் சேர்த்து நுழைவாயில் வளைவு ஒன்று கட்டிக்கொடுக்க நினைக்கிறோம். உங்கள் ஆலோசனை?
— பழைய மாணவர் குழு ஒன்று, வெள்ளவத்தை

ப: நீங்கள் படித்த இடத்தை மறக்காததற்கு முதலில் நன்றி. வளைவை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

அதிபரை மட்டும் கேட்காமல் தாய்மாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் முதலில் வந்தது தண்ணீர், அடுத்து பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள மலசலகூடம். மூன்றாவது, ஆசிரியர் தங்க ஒரு அறை. இந்த மூன்றாவதுதான் கொழும்பில் எவருக்கும் தோன்றுவதில்லை. பாடசாலை வளவுக்குள் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள விடுதி கட்டிக்கொடுத்தால், வாவிக்கு அப்பால் போகும் மோட்டார் சைக்கிள்களில் ஒன்றாவது ஊரில் நிற்கும்.

பணத்தை ஒரே நாளில் மேடை போட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுக்கும் நாளில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று மாலை போடுவார்கள், படம் எடுப்பீர்கள், பாடம் ஒரு நாள் போகும். மாதா மாதம் சிறு தொகையாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு அனுப்புங்கள், வரவு செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பம்பின் வால்வு போனால் அன்றே மாற்றவும், வெட்டுக் காலத்தில் கஞ்சிக்குப் பயறு வாங்கவும் அது உதவும். வருடத்தில் ஒரு தடவை நேரில் போக வேண்டுமென்றால் வாணி விழாவுக்குப் போங்கள். ஊர் முழுதையும் ஒரே இடத்தில் காணலாம், எவரையும் உங்களுக்காக வரிசையில் நிறுத்த வேண்டியிருக்காது.

கே: வாசித்து முடித்த கதைப் புத்தகங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. அனுப்பலாமா?
— தரம் 7 மாணவி, வெள்ளவத்தை

ப: அனுப்பு கண்ணா. பெரிய எழுத்தும் படமும் உள்ளவை முதலில். பக்கம் கிழிந்திருந்தால் ஒட்டிவிட்டு அனுப்பு. கிழிந்த புத்தகத்தை வாங்கும் பிள்ளைக்கு அது தெரியும். பயிற்சிப் புத்தகத்தில் விடை எழுதியிருந்தால் அதை எடுத்துவிடு. சிங்களக் கதைப் புத்தகமும் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகமும் இருந்தால் சேர்த்துவிடு, அங்கே அவை கிடைப்பது அரிது. ஒவ்வொன்றின் உள் அட்டையிலும் உனக்கு ஏன் அது பிடித்தது என்று இரண்டு வரி எழுதி, உன் வகுப்பையும் போடு. வீட்டு முகவரி வேண்டாம், பத்திரிகை அலுவலகத்தின் முகவரியைப் போடு. அவர்கள் பதில் எழுதினால் நான் உன்னிடம் சேர்ப்பிக்கிறேன்.